செயற்கைச் சுவரிலிருந்து பாறைக்கு: போல்ட் பாதையில் ஏறி, ஆங்கரைக் கழற்றி, இறங்கும் வரை

செயற்கைச் சுவரில் சில மாதம் பழகியவர்கள் பாறைக்கு வந்ததும் திணறும் இடம் உச்சி. சுவரில் கயிற்றைத் தாங்கும் அமைப்பு மேலே நிரந்தரமாக இருக்கும், தொட்டுவிட்டு இறங்கிவிடலாம். பாறையில் கடைசியாக ஏறுபவர் எல்லாக் குவிக்டிராக்களையும் (பாறையில் பதித்த போல்ட் ஆணிகளோடு கயிற்றை இணைக்கும், இரு முனையிலும் கொக்கி உள்ள பட்டைகள்) கழற்றி, ஆங்கர் (பாதையின் உச்சியில் பதித்த தாங்குபுள்ளி) வளையத்தில் கயிற்றைக் கோத்து, அதில் தொங்கி இறங்க வேண்டும். நன்றாக ஏறத் தெரிந்தவரும் அந்தச் சில நிமிடங்களில்தான் தவறு செய்கிறார். அதனால் இந்த வழிகாட்டி ஏறும் நுட்பத்தைத் தொடவில்லை. எதற்குப் பின் எதைச் செய்ய வேண்டும், ஏன் அந்த வரிசை மாறக் கூடாது என்பதே இதில் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்குக் கர்நாடகத்தின் பாகல்கோட் மாவட்டத்திலுள்ள பாதாமி. மணற்கல் பாறை, போல்ட் அடித்த ஒற்றைக் கயிற்று நீளப் பாதைகள், தொடங்குபவர்களுக்கு ஏற்ற 5, 6ஏ தரப் பாதைகள் (கடினத்தைக் குறிக்கும் பிரெஞ்சு அளவு) எல்லாம் ஒரே ஊரில் கிடைக்கும். பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரத்தின் கருங்கல்லுக்கும், கோலாலம்பூர் பத்து மலையின் சுண்ணாம்புப் பாறைக்கும் இதே வரிசைதான்.

1. கிளம்பும் முன் கைவந்திருக்க வேண்டியவை

எட்டு முடிச்சை (8 வடிவில் வரும் முடிச்சு) தடுமாறாமல் போடவும், அடுத்தவர் போட்டதைப் பார்த்துச் சரி தவறு சொல்லவும் தெரிய வேண்டும். லீட் ஏறுபவருக்கு (கயிற்றைப் போல்ட்டுகளில் மாட்டிக்கொண்டே முதலில் ஏறுபவர்) பிலே கொடுத்து (கீழிருந்து கருவியால் கயிற்றைக் கட்டுப்படுத்திப் பிடித்து), உண்மையான வீழ்ச்சிகள் சிலவற்றைப் பிடித்திருக்க வேண்டும். டாப் ரோப்பில் (உச்சியில் ஏற்கெனவே கோத்த கயிற்றில் ஏறுவது) மட்டும் பிலே கொடுத்தவருக்கு லீட் வீழ்ச்சியின் இழுப்பு புதிது. முதல் முறை அது பாறையில் நடந்தால், பதறிக் கையை விடுபவர்கள் உண்டு.

ஆங்கர் கழற்றுவதை, அதாவது ஆங்கரிலிருந்து உங்கள் பொருட்களை எடுத்துக் கயிற்றை அதன் வளையத்துக்கு மாற்றுவதை, தரையில் பழகுங்கள். ஜன்னல் கம்பியிலோ மரக்கிளையிலோ இரண்டு வளையங்களைத் தொங்கவிட்டு, 8-ஆம் பகுதியில் உள்ள வரிசையை யாரும் சொல்லித்தராமல் பத்து முறை பிழையின்றிச் செய்ய வரும்வரை பழகுங்கள். பிறகு அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். எழுத்தைப் படித்து மட்டும் முதல் தடவையை 20 மீட்டர் உயரத்தில் செய்து பார்க்கக் கூடாது. இந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும்.

இவை வராவிட்டாலும் பயணம் வீணாகாது. தெரிந்தவர் கயிறு போட்டுக் கொடுக்க, டாப் ரோப்பில் ஏறலாம்.

2. பொருட்கள்: இரண்டு பேருக்கு எவ்வளவு

கயிறு: 9.5 முதல் 10 மி.மீ. தடிமன், 60 மீட்டர். 70 கிடைத்தால் நல்லது. ‘டைனமிக்’ வகையாக, நுனிப் பட்டையில் ஈஎன் 892 என்ற எண்ணும், வட்டத்துக்குள் 1 என்ற குறியும் உள்ளதாக இருக்கட்டும். விலை குறைவு என்று ‘ஸ்டாடிக்’ கயிறு வாங்குவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. அது மீட்புப் பணிக்கும் கயிற்றில் இறங்குவதற்கும் செய்தது, நீளாது. லீட் வீழ்ச்சியில் அது உறிஞ்சாத விசை முழுவதும் உங்கள் முதுகுக்கும் போல்ட்டுக்கும் போய்ச் சேரும். வரலாறு தெரியாத பழைய கயிற்றை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

குவிக்டிரா: பாதையில் உள்ள போல்ட்டுகளின் எண்ணிக்கை, ஆங்கருக்கு 2, கை தவறினால் ஈடுகட்ட 1. பாதாமியில் 12 முதல் 14 வைத்திருந்தால் பெரும்பாலும் போதும்.

பூட்டுக் கராபினர் (கதவைப் பூட்டக்கூடிய உலோகக் கொக்கி) 5, 60 செ.மீ. ஸ்லிங் (வளையமாகத் தைத்த பட்டை) 2, 120 செ.மீ. நைலான் ஸ்லிங் 1. கராபினரின் முதுகில் பொறித்திருக்கும் எண்களை ஒருமுறை படியுங்கள். நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன், குறுக்குவாக்கில் 7 என்ற அளவில் இருக்கும். கராபினர் குறுக்கே திரும்பிக்கொண்டால் பலம் மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்று பொருள். எண் பொறிக்காத கராபினர் சாவிக்கொத்துக்குத்தான் ஆகும்.

பிலே கருவி: கிரிகிரி போல, தானாக இறுக உதவும் வகை. 8.5 முதல் 11 மி.மீ. வரையான கயிறுகளை ஏற்கும். தானாக இறுகும் என்பதற்காகப் பிடிக்கும் கையை எடுத்துவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

ஹெல்மெட் 2. கீழே நிற்பவருக்குத்தான் முதலில் தேவை. உடைந்த பிடியும் தவறிய குவிக்டிராவும் அவர் தலையில்தான் விழும்.

இவற்றுடன் ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டை), ஷூ, சாக் பை (கை வழுக்காமல் பூசும் வெள்ளைப் பொடி வைக்கும் பை), கயிற்றை விரிக்க ஒரு தார்ப்பாய், ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், ஒட்டுப்பட்டை, முதலுதவிப் பை, தலையில் மாட்டும் விளக்கு. இருட்டும் முன் திரும்பிவிடுவோம் என்று விளக்கை அறையில் விட்டு வருபவர்களே அதிகம்.

3. எப்போது போவது, எங்கே ஏறக் கூடாது

பாதாமிக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். மார்ச்சுக்குப் பிறகு பாறை சுடும், கை வியர்க்கும், பிடி வழுக்கும். குளிர்காலத்திலும் சுவரில் எந்நேரம் நிழல் விழும் என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் நேரத்தை நிழல் தீர்மானிக்கட்டும்.

மழை பெய்த மறுநாள் மணற்கல்லில் ஏறாதீர்கள். மேற்பரப்பு காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் நிற்கும். நீர் ஊறிய மணற்கல் வலுவிழந்து பிடிகள் உடையும். போல்ட்டைப் பிடித்திருப்பதும் அதே கல்தான். அடிவாரத்து மண்ணை விரலால் கிளறிப் பாருங்கள். உள்ளே ஈரமாக இருந்தால் அன்று ஊர் சுற்றலாம்.

குடைவரைகளும் கோயில்களும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றின் சுவரிலோ, அவற்றுக்கு மேலே உள்ள பாறையிலோ கை வைக்கக் கூடாது. ராமநகரத்தில் ராமதேவர பெட்டா கழுகுச் சரணாலயம். வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

தேனீயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். துருத்திய பாறைகளின் அடியில் மலைத்தேனீ பெரிய கூடு கட்டும். பாதைக்கு நேர் மேலேயோ பக்கத்திலோ கரிய அடை தொங்கினால் அந்தப் பக்கமே வேண்டாம். வாசனைத் திரவியம், புகை, கூச்சல் மூன்றையும் தவிருங்கள். கயிற்றில் தொங்குபவரால் ஓட முடியாது என்பதால், தரையில் கொட்டுவாங்குவதைவிட இது பல மடங்கு ஆபத்து.

பாதாமிக் குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. உணவைப் பையோடு கட்டித் தொங்கவிடுங்கள். பிலே கொடுப்பவர் குரங்கை விரட்டத் திரும்பினால், மேலே இருப்பவரை யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

4. அடிவாரத்தில்: பாதையைப் படிப்பது

சுவரில் நீங்கள் ஏறும் தரத்தைவிட இரண்டு படி குறைவான பாதையில் தொடங்குங்கள். வண்ணப் பிடிகள் இல்லாத பாறையில் எதைப் பிடிப்பது என்று தேடுவதிலேயே கை சோர்ந்துவிடும்.

போல்ட்டுகளைக் கீழிருந்து எண்ணுங்கள், ஆங்கர் எங்கே என்று பாருங்கள். பாதையின் நீளம் கயிற்றில் பாதியைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 60 மீட்டர் கயிற்றுக்கு 28 மீட்டருக்கு மேல் போக வேண்டாம். முடிச்சுக்கும், பிலே கொடுப்பவர் நிற்கும் தூரத்துக்கும் கயிறு செலவாகும். உள்ளூர்க்காரர்களிடம் நீளத்தைக் கேளுங்கள். வெட்டிச் சுருக்கிய கயிறு என்றால், நடுக்குறி உண்மையான நடுவில் இருக்காது.

கயிற்றைத் தார்ப்பாயில் நுனியிலிருந்து நுனிவரை தளர்வாக அடுக்குங்கள். மேலே உள்ள நுனி ஏறுபவருக்கு. கீழ் நுனியில் ஒரு தடிமனான முடிச்சு போடுங்கள், அல்லது அதைத் தார்ப்பாயின் வளையத்தில் கட்டிவிடுங்கள். கயிறு போதாமல் போகும்போது, முடிச்சில்லாத நுனி பிலே கருவிக்குள் நுழைந்து வெளியே போய்விடும். ஏறியவர் மிச்ச உயரத்தை அப்படியே விழுவார். பாதை சின்னதுதானே என்று தோன்றும் நாளிலும் போடுங்கள்.

5. முடிச்சும் ஒருவரை ஒருவர் சோதிப்பதும்

எட்டு முடிச்சை ஹார்னஸின் இரு கட்டும் புள்ளிகளுக்குள்ளும், அதாவது இடுப்புப் பட்டையிலும் கால் பட்டையிலும் உள்ள இரண்டுக்குள்ளும் விட்டுக் கட்ட வேண்டும். பிலே வளையம் (ஹார்னஸின் முன்புறம் தைத்த வளையம்) எந்த வழியில் போகிறதோ அதே வழிதான். கால் பட்டைக்குள் மட்டும் விட்டுக் கட்டினால் விழும்போது தலைகீழாகப் புரளலாம்.

கட்டி முடித்ததும் முடிச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். எல்லா இடத்திலும் கயிறு இரண்டிரண்டாக, ஒன்றையொன்று குறுக்கே தாண்டாமல் ஓட வேண்டும். இணைகளை எண்ணினால் ஐந்து வரும். மிச்ச நுனி கயிற்றின் தடிமனைப் போல் குறைந்தது பத்து மடங்கு, அதாவது 10 செ.மீ. நான்கு இழைகளையும் தனித்தனியே இழுத்து இறுக்குங்கள். தளர்வான எட்டு, ஏறும் அசைவில் மெல்ல அவிழும்.

முடிச்சுப் போடுபவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். பாதியில் விட்டுப் பேசிவிட்டு, முடித்துவிட்டதாக நினைத்து ஏறியவர்களில் பல ஆண்டு அனுபவமுள்ளவர்களும் இருக்கிறார்கள்.

பிறகு ஒருவரை ஒருவர் சோதியுங்கள்: இருவரின் இடுப்புப் பட்டைப் பூட்டு, முடிச்சு, பிலே கருவியில் கயிறு சரியான திசையில் கோத்திருக்கிறதா, கராபினர் பூட்டியிருக்கிறதா, கயிற்றின் கீழ் நுனியில் முடிச்சு இருக்கிறதா. வாயால் கேட்காமல் கையால் தொட்டுப் பாருங்கள். கிரிகிரி என்றால், ஏறுபவர் பக்கக் கயிற்றைச் சட்டென்று இழுத்து இறுகுகிறதா என்றும் பாருங்கள்.

6. தரையை விட்டுக் கிளம்பும் முன் பேச்சு

உச்சிக்குப் போனதும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைத் தரையிலேயே முடிவு செய்யுங்கள். “மேலே போனதும் ஆங்கரைக் கழற்றுவேன், நீதான் என்னை இறக்க வேண்டும், பிலேயை எடுக்கவே கூடாது.” இந்த ஒரு வாக்கியத்தைப் பிலே கொடுப்பவர் திருப்பிச் சொல்ல வேண்டும்.

காரணம், நடக்கும் விபத்தின் வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே இருப்பவர் ஸ்லிங்கில் மாட்டிக்கொண்டு “சேஃப்” என்கிறார். அவர் ரேப்பல் செய்து (கயிற்றில் தானே இறங்கி) வருவார் என்று நினைத்துக் கீழே இருப்பவர் கயிற்றைக் கருவியிலிருந்து எடுத்துவிடுகிறார். மேலே இருப்பவர் கயிற்றைக் கோத்து, தன்னை இறக்குவார்கள் என்று சாய்கிறார்.

ஒற்றைக் கயிற்று நீளப் பாதையில் ‘சேஃப்’, ‘ஆஃப் பிலே’ (பிலேயை எடு) போன்ற சொற்களே வேண்டாம். மூன்று கட்டளைகள் போதும்: ‘ஸ்லாக்’ (கயிறு விடு), ‘டேக்’ (கயிற்றை இழுத்து இறுக்கு), ‘லோயர்’ (இறக்கு). ஒவ்வொன்றுக்கும் முன் பெயரைச் சேருங்கள். பக்கத்துப் பாதையில் யாரோ கத்தும் ‘ஸ்லாக்’ உங்கள் ஆளுக்குக் கேட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

7. லீட் ஏறும்போது

முதல் போல்ட் மாட்டும் வரை கயிறு உங்களைக் காக்காது. நீளக் கம்பால் முதல் போல்ட்டில் முன்கூட்டியே மாட்டிவிடுவது நல்லது. அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

கயிறு பாறையின் பக்கமிருந்து வந்து, குவிக்டிராவின் வழியாக உங்களை நோக்கி வெளியே வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் விழும்போது கயிறு கதவின் மேல் மடிந்து, தானே திறந்து வெளியேறலாம். போல்ட்டுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், கீழ்க் குவிக்டிராவுக்கும் அடியிலிருந்து கயிற்றை இழுத்து மேலே மாட்டிவிடும் பிழையும் நடக்கும். சட்டென்று கயிறு இறுகி நகர மறுத்தால் அதுதான் காரணம்.

தலைக்கு மேல் எட்டி மாட்டும் ஆசையை அடக்குங்கள். போல்ட் உங்கள் முடிச்சுக்கு 1 மீட்டர் மேலே இருந்தால், அங்கே மாட்ட 2 மீட்டர் கயிறு கூடுதலாக இழுக்கிறீர்கள். மாட்டும் முன் கை வழுக்கினால் அந்த 2 மீட்டரும் வீழ்ச்சியில் சேரும். இரண்டாம், மூன்றாம் போல்ட்டில் அது தரையைத் தொட்டுவிடும் தூரம். நல்ல பிடி கிடைத்து, போல்ட் நெஞ்சளவுக்கு வந்ததும் மாட்டுங்கள்.

கயிறு எப்போதும் காலுக்கு முன்னால் இருக்கட்டும். காலுக்குப் பின்னால் போனால் வீழ்ச்சியில் அது உங்களைத் தலைகீழாகக் கவிழ்க்கும்.

பிலே கொடுப்பவர் சுவருக்கு அருகில், முதல் போல்ட்டுக்குச் சற்றுப் பக்கவாட்டில் நிற்கட்டும். தள்ளி நின்றால் வீழ்ச்சி அவரைச் சுவர் நோக்கி இழுத்து அடிக்கும். வேகமாகக் கயிறு விடுவதற்காகக் கிரிகிரியின் கேமை (கயிற்றை இறுக்கும் பாகத்தை) அழுத்தியே பிடித்திருப்பது மிக மோசமான பழக்கம்; விழும் நொடியில் விரல் இன்னும் இறுகுமே தவிர விடாது.

உச்சியில் இரு போல்ட்டிலும் ஒவ்வொரு குவிக்டிரா மாட்டி, கதவுகள் எதிரெதிர்த் திசையில் இருக்கும்படி வைத்துக் கயிற்றைக் கோத்துவிடுங்கள். அடுத்தவர்கள் டாப் ரோப்பில் ஏறுவதாக இருந்தால், ஒன்றில் பூட்டுக் கராபினர் இருக்கட்டும். எல்லோரும் ஏறி இறங்குவது உங்கள் பொருட்களின் வழியே நடக்க வேண்டும். பாறையில் பதிந்த வளையத்தில் டாப் ரோப் ஓடவிடாதீர்கள். மணல் ஒட்டிய கயிறு இரும்பை அரம் போல அறுக்கும், வளையத்தை மாற்ற யாராவது மறுபடி ஏறி வர வேண்டியிருக்கும்.

8. ஆங்கரைக் கழற்றுவது

கடைசியாக ஏறுபவர் செய்வது. ஏறும் முன்பே 120 செ.மீ. நைலான் ஸ்லிங்கை ஹார்னஸின் கட்டும் புள்ளிகளில் கோத்து, நுனியில் பூட்டுக் கராபினரோடு வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக ஒரு பூட்டுக் கராபினர், ஒரு குவிக்டிரா.

முதலில் ஆங்கரைப் பாருங்கள். வளையம் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கிறதா, ஹேங்கர் (போல்ட்டில் பொருத்திய உலோகத் தகடு) ஆடுகிறதா, துரு வழிந்த கறை இருக்கிறதா. சந்தேகம் இருந்தால் உங்கள் குவிக்டிராக்களிலேயே இறங்கிவிட்டு, அனுபவமுள்ளவரை அனுப்புங்கள்.

வளையத்துக்குள் மடித்த கயிறு நுழையும் என்றால் இந்த வரிசை:

1. ஸ்லிங்கை ஒரு போல்ட்டில் மாட்டிப் பூட்டுங்கள். மற்றப் போல்ட்டில் குவிக்டிராவால் பிலே வளையத்தை இணையுங்கள். இரண்டிலும் பாரம் வைத்துப் பாருங்கள்.

2. ‘ஸ்லாக்’ கேட்டு, முடிச்சுக்கு மேலிருந்து சுமார் ஒரு மீட்டர் கயிற்றை இழுத்து மடித்து, அந்த மடிப்பை இரு வளையங்களுக்குள்ளும் விடுங்கள்.

3. மறுபக்கம் வந்த மடிப்பில் எட்டு முடிச்சுப் போட்டு, பூட்டுக் கராபினரால் பிலே வளையத்தில் மாட்டிப் பூட்டுங்கள். கராபினரை அழுத்திப் பார்த்துப் பூட்டு நிற்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

4. இப்போதுதான் பழைய முடிச்சை அவிழ்க்க வேண்டும். அவிழ்ந்த நுனியை வளையங்களின் வழியே உருவுங்கள்.

5. ஆங்கரில் கயிறு ஓடிய இரு குவிக்டிராக்களையும் எடுங்கள். ‘டேக்’ சொல்லுங்கள். உங்கள் முழு எடையும் கயிற்றில் விழுந்து ஸ்லிங் தொய்ய வேண்டும். தொய்ந்த ஸ்லிங்கைக் கண்ணால் பார்த்து, பிலேயிலிருந்து வளையம் வழியாக உங்கள் கராபினர் வரை கயிற்றைக் கண்ணாலேயே தொடர்ந்து வாருங்கள்.

6. பிறகு ஸ்லிங்கையும் இணைத்த குவிக்டிராவையும் கழற்றி, ‘லோயர்’ சொல்லுங்கள்.

இந்த வரிசையின் பலம், ஒரு கணமும் நீங்கள் கயிற்றிலிருந்து பிரிவதில்லை. கயிறு கைநழுவி விழவும் வழியில்லை. மூன்றையும் நான்கையும் இடம் மாற்றினால் இரண்டும் போய்விடும்.

வளையம் சிறியது, மடிப்பு நுழையவில்லை என்றால் நுனியைத்தான் கோக்க வேண்டும். அப்போது முடிச்சை அவிழ்க்கும் முன், ஒரு மீட்டர் கீழே கயிற்றில் எட்டு முடிச்சுப் போட்டுப் பூட்டுக் கராபினரால் பிலே வளையத்தில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் கயிறு கைநழுவித் தரைக்குப் போகும், நீங்கள் மேலேயே தங்குவீர்கள். பிறகு அவிழ்த்து, வளையங்களில் கோத்து, மறுபடி ஹார்னஸில் எட்டு முடிச்சுக் கட்டி, இடையில் போட்ட முடிச்சை எடுத்து, ஐந்தாம் படியிலிருந்து தொடருங்கள்.

ஸ்லிங்கில் நிற்கும்போது அது விறைப்பாகவே இருக்க வேண்டும். ஆங்கருக்கு மேலே ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம். ஸ்லிங் கயிறு போல நீளாது; குறிப்பாக முடிச்சிட்ட 120 செ.மீ. டைனீமா (நைலானைவிடக் குறைவாக நீளும் இழை) ஸ்லிங், ஆங்கருக்கு மேலிருந்து விழும் ஒரே முழு வீழ்ச்சியில் அறுந்ததைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

9. இறக்குவது

பிலே கொடுப்பவர் கயிற்றின் மிச்சத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே சீராக இறக்கட்டும். வேகம் வேண்டாம், சூடான கருவியை விட, திடீரென்று நிறுத்த முடியாததே பிரச்சினை.

இறங்கும் வழியில் குவிக்டிராக்களை எடுத்து வரும்போது, துருத்திய பாதையில் ஒவ்வொன்றும் கழன்றதும் வெளியே ஊசலாடுவீர்கள். எங்கே போய் மோதுவீர்கள் என்று முன்பே பாருங்கள், மரம் இருந்தால் கீழே இருப்பவரிடம் சொல்லுங்கள்.

பாதி வழியில் கை சோர்ந்து மேலே போக முடியாவிட்டால், எட்டிய உயரப் போல்ட்டிலும் அதற்குக் கீழுள்ள போல்ட்டிலும் ஒவ்வொரு கராபினரை விட்டுவிட்டு இறங்குங்கள். இரண்டு கராபினரின் விலையைச் சேமிக்க ஒரே போல்ட்டை நம்ப வேண்டாம். ஸ்லிங்குக்குள் நேரே கயிறு விட்டு இறங்குவது இன்னும் மோசம்: ஓடும் கயிற்றின் உராய்வுச் சூட்டில் ஸ்லிங் உருகி அறுந்துவிடும்.

யாராவது அடிபட்டு மயங்கித் தொங்கினால் உடனே தரைக்கு இறக்குங்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்குவதே உயிருக்கு ஆபத்து. தலை, கழுத்து, முதுகில் அடி என்றால் தேவையில்லாமல் நகர்த்தாமல் 108-ஐ அழையுங்கள். பாதாமியிலிருந்து பாகல்கோட் நகரம் ஏறத்தாழ 35 கி.மீ. அடிவாரத்தில் கைபேசியில் சிக்னல் கிடைக்கிறதா என்பதைக் காலையிலேயே பார்த்து வையுங்கள்.

10. ஊர் திரும்பிய பிறகு கயிறு

மணற்கல்லின் தூள் கயிற்றின் வெளி உறைக்குள் புகுந்து உள் இழைகளை அரிக்கும். முழுக் கயிற்றையும் கைக்குள் மெல்ல ஓடவிட்டுத் தடவிப் பாருங்கள். எங்காவது மெத்தென்று குழிந்தாலோ, கடினமான கட்டி தட்டுப்பட்டாலோ, உறை கிழிந்து உள்ளே வெள்ளை இழை தெரிந்தாலோ அந்த இடத்தை வெட்டுங்கள். நுனியருகே என்றால் மிச்சம் பயன்படும். நடுவில் என்றால் துணி உலர்த்த வைத்துக்கொள்ளலாம். வெட்டினால் புதிய நீளத்தையும் புதிய நடுவையும் குறித்து வையுங்கள்.

கழுவ 30 டிகிரிக்கு மேற்படாத தண்ணீர், கயிற்றுக்கென்று விற்கும் சோப்பு அல்லது வெறும் தண்ணீர். பிளீச் படவே கூடாது. வெயிலில் போடாமல் நிழலில், தளர்வாகப் பரப்பி இரண்டு மூன்று நாள் உலரவிடுங்கள். கார் டிக்கியில் பேட்டரி இருந்த இடத்தில் கயிற்றை வைக்காதீர்கள். அமிலம் பட்ட நைலான் பார்வைக்கு நன்றாகவே இருக்கும், பாரத்தில்தான் அறும்.